அணைக்க முடியாத 7,000 விளக்குகள்: மின்னசாக் பள்ளி நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் பக்கத்தில் வில்பிரஹாம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மின்னசாக் வட்டார உயர்நிலைப் பள்ளியில் 2021 ஆகஸ்ட் 24 அன்று விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர் செயலிழந்தது. கட்டடத்தின் சுமார் 7,000 விளக்குகளும் அன்று முதல் எரிந்துகொண்டே இருந்தன. 2023 ஜனவரியில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான என்பிசி நியூஸ் இதை எழுதியபோதும் அவற்றை அணைக்க வழி பிறந்திருக்கவில்லை. இரவுகள், வார இறுதிகள், கிறிஸ்துமஸ் விடுமுறை, கோடை விடுமுறை எல்லாம் சேர்த்து 500 நாட்களுக்கு மேல்.

உலகம் முழுக்க இது வேடிக்கைச் செய்தியாகப் பரவியது. கட்டட மின்பணியோடு தொடர்புள்ளவர்களுக்கு இதில் வேடிக்கை குறைவு, கவலை அதிகம். மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்றே பணம் கொடுத்து வாங்கிப் போட்ட அமைப்பு இது. பழுது தெரிந்தவுடனே நிர்வாகம் உதவி தேடிப் புறப்பட்டது. அப்படியிருந்தும், விளக்கை அணைப்பது என்ற மிகச் சாதாரணமான செயல் ஒன்றரை ஆண்டு கைக்கு எட்டாமல் போனது எப்படி? அதற்கான விடை 2021-இல் பழுதான சாஃப்ட்வேரில் இல்லை என்பது என் கருத்து. கட்டடம் எழுந்த 2012-இலேயே தீர்த்திருக்க வேண்டிய ஒரு கேள்வியில் இருக்கிறது: மேலே உட்கார்ந்து கட்டளையிடும் கணினி நின்றுவிட்டால் விளக்கு என்ன செய்ய வேண்டும், அதை அணைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

பள்ளியும் அமைப்பும்

வில்பிரஹாம், ஹாம்ப்டன் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து இந்த ஒரே உயர்நிலைப் பள்ளிதான். அப்போது சுமார் 1,200 மாணவர்கள் படித்தார்கள். 1959-இல் கட்டிய பழைய கட்டடத்துக்குப் பதிலாக 2012-இல் 2,48,000 சதுர அடியில் புதிய கட்டடம் எழுப்பினார்கள். செலவைக் குறைக்கும் ஏற்பாடுகளில் ஒன்றாக, தேவைக்கேற்பத் தானே கூடிக் குறையும் ‘பசுமை’ விளக்கு அமைப்பு வேண்டும் என்று பள்ளிக் குழு வலியுறுத்தியது. ஃபிஃப்த் லைட் என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேர் அமைப்பு பொருத்தப்பட்டது.

அந்த முடிவில் தவறு எதுவும் இல்லை. டிஜிட்டல் கட்டுப்பாடு உண்மையிலேயே மின்சாரத்தைக் குறைக்கிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் வணிகக் கட்டடங்களில் நடந்த பல அளவீடுகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆள் இருப்பதை அறியும் சென்சார் மட்டும் போட்டாலே விளக்குக்கான மின்சாரத்தில் சராசரியாக 24 சதவீதம் மிச்சமாகிறது. பகல் வெளிச்சத்துக்கு ஏற்பக் குறைத்தால் 28 சதவீதம். பல உத்திகளைச் சேர்த்துக் கையாண்டால் 38 சதவீதம் வரை போகிறது. பகலில் ஜன்னலோரம் வெயில் விழும் வகுப்பறைகளும், மாலையில் காலியாகிவிடும் நடைவழிகளும் உள்ள ஒரு பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

சரி, இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால்தான் பிறகு நடந்தது புரியும். வீட்டு வயரிங்கில் சுவிட்ச் என்பது ஃபேஸ் கம்பியின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் கம்பி துண்டிக்கப்படுகிறது, விளக்கு அணைகிறது. முகவரி கொடுத்துக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் அமைப்பில் அப்படி இல்லை. ஃபிட்டிங்குக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் சோக்குக்கு, எல்இடி என்றால் டிரைவருக்கு, மின்சாரம் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். அதோடு மெல்லிய இரண்டு கம்பிகள் தனியாக வந்து சேரும். ‘40 சதவீதத்துக்குக் குறை’, ‘அணை’ என்ற கட்டளைகள் அந்தக் கம்பிகளில் வருகின்றன. அணைந்திருக்கும் விளக்கு, மின்சாரம் இல்லாமல் கிடப்பதில்லை. ‘அணை’ என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து காத்திருக்கிறது. சுவரில் இருப்பது பார்க்க சுவிட்ச் மாதிரி இருந்தாலும் அது ஒரு பொத்தான்தான். ‘இவர் அணைக்கச் சொல்கிறார்’ என்று அது செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைப் படித்து விளக்குக்குக் கட்டளை போட இன்னொருவர் விழித்திருக்க வேண்டும்.

ஃபிஃப்த் லைட் அமைப்புகள் டாலி என்ற நெறிமுறையை, அதாவது விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் பொதுவான மொழியை, அடிப்படையாகக் கொண்டவை. 1990-களில் ஐரோப்பாவின் சோக் தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கி, இன்று ஐஇசி 62386 என்ற பன்னாட்டுத் தரமாக இருக்கிறது. ஏறக்குறைய 16 வோல்ட் மின்னழுத்தம், நொடிக்கு 1,200 பிட் வேகம், ஒரு லைனில், அதாவது ஒரு ஜோடி கட்டளைக் கம்பியில், 64 முகவரிகள், 16 குழுக்கள், முன்கூட்டியே பதிந்து வைக்கும் 16 வெளிச்ச அமைப்புகள். வேகம் இந்தக் காலத்துக்கு மிகக் குறைவுதான். ஆனால் விளக்குக்கு அது தாராளம். வயரிங்கைத் தொடாமலே ஒரு பெரிய அறையை இரண்டு வகுப்புகளாகப் பிரித்துவிடலாம். எந்த சோக் செத்துவிட்டது என்று அமைப்பே சொல்லும். ஒரு முகவரிக்கு ஒரு விளக்கு என்று வைத்தால் 7,000 விளக்குக்கு 110 லைன்கள் வேண்டும். ஒரே சோக்கில் இரண்டு மூன்று குழல்கள் எரியும் என்பதால் நடைமுறையில் எண்ணிக்கை குறையும். எப்படியும், இத்தனை லைன்களையும் ஒன்றாக இணைத்து நேர அட்டவணை, சென்சார், வெளிச்ச அளவு எல்லாவற்றையும் நிர்வகிக்க மேலே ஒரு சர்வர் தேவைப்படுகிறது. எல்லாக் கட்டளையும் அதன் வழியாகவே வர வேண்டும் என்று அமைத்துவிட்டால், அது விழும்போது கட்டடமே காது கேளாமல் போய்விடுகிறது.

டிஃபால்ட் என்ற முடிவு

பகலில் விளக்குகள் மங்குவதில்லை, இரவிலும் முழு வெளிச்சத்தில் எரிகின்றன என்பதைப் பள்ளி ஊழியர்கள்தான் முதலில் கவனித்தார்கள். பள்ளி மாவட்டத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த துணைக் கண்காணிப்பாளர் பின்னால் விளக்கியபடி, அமைப்பு டிஃபால்ட் நிலைக்குப் போய்விட்டது. டிஃபால்ட் என்றால் கட்டளை எதுவும் வராதபோது அமைப்பு தானாகப் போய் நிற்கும் நிலை. இங்கே அது விளக்குகள் எரிவது.

இது சாஃப்ட்வேர் கோளாறால் தற்செயலாக வந்ததில்லை. இந்தத் துறையின் பொதுவான மனப்போக்கே அதுதான், டாலி தரத்திலும் அது பதிந்திருக்கிறது. லைனில் மின்னழுத்தம் அரை நொடிக்கு மேல் இல்லாமல் போனால் ஒவ்வொரு சோக்கும் தனக்குள் எழுதி வைத்திருக்கும் ‘பழுது நிலை’ அளவுக்குப் போக வேண்டும். தொழிற்சாலையில் அந்த இடத்தில் எழுதி அனுப்பும் எண் 254, அதாவது முழு வெளிச்சம். மின்சாரம் போய் வந்தால் எந்த அளவில் எரிய வேண்டும் என்பதற்கும் அதே 254.

காரணம் நல்ல காரணம். கட்டுப்பாடு போனதால் மாடிப்படி இருட்டாகி ஒருவர் விழுந்தால் அதை எந்தப் பொறியாளரும் மன்னிக்க முடியாது. எரிந்தால் கட்டணம் போகும், இருண்டால் உயிர் போகலாம் என்ற கணக்கு அது. நானும் அதன் பக்கம்தான், ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் எரிந்தே ஆக வேண்டியவை வெளியேறும் வழியிலுள்ள விளக்குகள். அமெரிக்காவில் அதற்கென்றே யுஎல் 924 என்ற தனித் தரம் இருக்கிறது. வழக்கமான மின்சாரம் போனதும், டிம்மரோ கட்டுப்பாட்டு அமைப்போ என்ன சொன்னாலும் மீறி, அவசர விளக்கை முழுதாக எரிய வைக்கும் கருவிகள் அதன் கீழ் வருகின்றன. நடைவழிக்கும் மாடிப்படிக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கும்போது, வேதியியல் ஆய்வகமும் பொருள் வைக்கும் அறையும் ஆசிரியர் ஓய்வறையும் பழுதுக்காக 500 நாள் எரிய வேண்டியதில்லை.

அதே டாலி தரத்தில் ‘பழுது நிலை’ இடத்தில் 255 என்று எழுதலாம். ‘இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு’ என்று பொருள். அல்லது 0 முதல் 254 வரை விரும்பிய அளவை எழுதலாம், அதுவும் ஒவ்வொரு சோக்குக்கும் தனித்தனியாக. நடைவழிக்கு முழு வெளிச்சம், வகுப்பறைக்கு இருக்கும் நிலை, வெளிப்புறச் சுவர் விளக்குக்குப் பாதி என்று பிரித்து வைப்பது ஒரு பொறியாளருக்குப் பெரிய வேலை இல்லை. இருந்தாலும் பல கட்டடங்களில் தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணே அப்படியே நிற்கிறது. பழுது வராத வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான்: தரத்தில் தீர்வு இருக்கிறது, கருவியில் இருக்கிறது, டெண்டர் ஆவணத்தில் மட்டும் அதற்கு ஒரு வரி இருப்பதில்லை.

சுவரில் இருந்த பொத்தான் ஏன் உதவாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காலத்தைச் சார்ந்தது. டாலியின் முதல் தலைமுறைத் தரம் சோக்குகளைப் பற்றியே பேசியது. பொத்தான், சென்சார், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை எப்படிப் பேச வேண்டும் என்று அதில் வரையறை இல்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் செய்துகொண்டது. சோக் எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம், அதை ஆட்டுவிக்கும் மூளை மட்டும் அந்த ஒரு நிறுவனத்துடையது. டாலி தரத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான பகுதி 103 வெளிவந்தது 2014-இல்தான். அந்தப் புதிய தலைமுறைக் கருவிகளுக்கான டாலி-2 சான்றிதழ் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து வந்தது. மின்னசாக் கட்டடம் திறந்தது 2012-இல்.

யாரைக் கூப்பிடுவது?

பள்ளி நிர்வாகம் முதலில் அமைப்பை நிறுவியவர்களைத் தேடியது. அந்த நிறுவனம் இடைப்பட்ட காலத்தில் பலமுறை கைமாறியிருந்தது. இது அமெரிக்க விளக்குத் தொழிலின் பொதுக் கதை. ஃபிஃப்த் லைட் கனடாவில் தொடங்கிய பெயர், பிறகு கூப்பர் குழுமத்துக்குள் வந்தது. கூப்பரை 2012 நவம்பர் இறுதியில் ஈட்டன் வாங்கியது. ஈட்டன் தன் விளக்குப் பிரிவை 2020 மார்ச்சில் சிக்னிஃபைக்கு விற்றது. சிக்னிஃபை என்பது முன்னாள் பிலிப்ஸ் லைட்டிங். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பொருள் பட்டியல் சுருங்கும், சிலர் வேலையை விட்டுப் போவார்கள், ஒரு சேவை எண் அடிப்பது நிற்கும். கட்டடம் மட்டும் அங்கேயே இருக்கும்.

கடைசியில் ரிஃப்ளெக்ஸ் லைட்டிங் என்ற நிறுவனத்தை அடைந்தார்கள். அங்கேயும் இந்தப் பள்ளியின் அமைப்பை அறிந்த ஓர் ஆளைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. சாஃப்ட்வேரை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, சர்வரும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் மாற வேண்டும் என்ற நிலை வந்தது. அது கொரோனாவுக்குப் பிந்தைய பொருள் தட்டுப்பாட்டுக் காலம். சீனாவிலிருந்து வர வேண்டிய பாகங்கள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தன.

நிர்வாகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பேருந்து, உணவு, சம்பளம், கூரை ஒழுகல் என்று ஆயிரம் வேலை. விளக்கு சர்வரின் பாஸ்வேர்டு யாரிடம், முகவரிப் பட்டியல் எந்தக் கோப்பில் என்று தினமும் யோசிக்க அங்கே ஆள் இருக்காது. அதனால்தான் அவை கட்டடத்தை ஒப்படைக்கும் நாளிலேயே கைக்கு வர வேண்டும். முகவரிப் பட்டியலும், எந்தக் குழுவில் எந்த விளக்கு என்ற வரைபடமும், அமைப்புக் கோப்பின் நகலும் இருந்தால் புதிதாக வரும் ஆள் சில நாட்களில் வேலையைத் தொடங்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் மின்ன வைத்து, இது எந்த அறை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 2,48,000 சதுர அடியில் அதைச் செய்வது எவ்வளவு நாள் பிடிக்கும் என்று தொழில் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

எரிந்த காலத்தில்

பள்ளி மாணவர்கள் நடத்தும் ‘ஸ்மோக் சிக்னல்’ இதழ் 2021 நவம்பரிலேயே இதை எழுதிவிட்டது. நாட்டின் பெரிய ஊடகங்கள் வந்து சேர அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த மாணவர்களைப் பாராட்ட வேண்டும். வகுப்பில் திரையில் வீடியோ காட்ட விளக்கை மங்கச் செய்ய முடியவில்லை என்பது ஆசிரியர்களின் முதல் புகார். சில ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறை ஃபிட்டிங்குகளிலிருந்து குழல்களையே கழற்றினார்கள். முக்கிய அமைப்போடு சேராத பிரேக்கர்களை இறக்கி, வெளிப்புற விளக்குகள் சிலவற்றை ஊழியர்கள் அணைத்தார்கள்.

எல்லா பிரேக்கரையும் தினமும் மாலையில் இறக்கிவிடலாமே என்று தோன்றும். பெரிய கட்டடங்களில் அது அவ்வளவு எளிதில்லை. ஒரே சர்க்யூட்டில் பல அறைகளும் அவசர விளக்கும் கலந்து கிடக்கும். கட்டுப்பாட்டுக் கருவிகளே அதே பேனலிலிருந்து மின்சாரம் எடுக்கும். பிரேக்கரின் வேலை பழுதின்போது துண்டிப்பது. தினமும் சுவிட்சாகப் பயன்படுத்தவென்று தனியாகத் தகுதி பெற்ற வகையாக இல்லாவிட்டால், பல நூறு முறை தட்டினால் அது தேயும்.

செலவு மாதத்துக்குச் சராசரியாக ஆயிரக்கணக்கான டாலர், பத்தாயிரக் கணக்கில் இல்லை என்று நிர்வாகம் சொன்னது. சிக்கனமான ஃபுளோரசன்ட், எல்இடி விளக்குகள் என்பதால் அந்த அளவில் நின்றது. இரண்டு ஊர் மக்களின் வரிப்பணம் அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி ஆண்டு என்பது 180 நாட்கள். உயர்நிலை மாணவருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்ச வகுப்பு நேரம் 990 மணி. என்பிசி செய்தி வந்த நாள்வரை அங்கே விளக்குகள் எரிந்தது 12,000 மணி நேரத்துக்கும் மேல். டி8 என்ற சாதாரண வகை ஃபுளோரசன்ட் குழலின் ஆயுள் 20,000 முதல் 30,000 மணி என்று அட்டையில் போடுவார்கள். அடிக்கடி போட்டு அணைக்காமல் தொடர்ந்து எரித்தால் குழல் அதிக மணி தாங்கும் என்பது உண்மை. ஆனால் நாட்கணக்கில் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு வர வேண்டிய குழல்கள், சோக்குகளின் ஆயுளில் ஒரு பெரும் பங்கு அந்த ஒன்றரை ஆண்டில் கரைந்துவிட்டது. மின்கட்டணத்தில் இது தெரியாது. பின்னால் கொள்முதல் பட்டியலில் தெரியும்.

வேறொரு கட்டடம்

டிஜிட்டல் கட்டுப்பாடே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்களுக்கு நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தைக் காட்ட விரும்புகிறேன். மன்ஹாட்டனில் ரென்சோ பியானோ வடிவமைத்த 52 மாடிக் கட்டடம், 2007-இல் திறந்தது. டெண்டருக்கு முன்பே, குவீன்ஸ் பகுதியில் 4,500 சதுர அடியில் அலுவலகத்தின் ஒரு பகுதியை நிஜ அளவில் கட்டி, மங்கும் விளக்குகளையும் தானியங்கி ஜன்னல் திரைகளையும் பொருத்தி, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தோடு சேர்ந்து 2003, 2004-ஆம் ஆண்டுகளில் சோதித்தார்கள். என்ன வேண்டும் என்பதை அந்தச் சோதனையில் கற்றுக்கொண்டு எழுதிய பிறகுதான் விலை கேட்டார்கள். குடியேறிய பின்னும் அளந்தார்கள். அன்றைய கட்டட விதிகளை மட்டும் நிறைவு செய்யும் ஒரு கட்டடத்தோடு ஒப்பிட்டால், விளக்கு, திரை, காற்றோட்ட ஏற்பாடுகள் சேர்ந்து ஆண்டு மின்சாரத்தில் 24 சதவீதமும் உச்சநேரத் தேவையில் 25 சதவீதமும் குறைந்தன.

ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்துக்கு இருக்கும் பணமும் ஆய்வகத் துணையும் ஓர் ஊர்ப் பள்ளிக்குக் கிடைக்காது, தெரியும். ஆனால் வாங்குகிறவர் தன் கேள்விகளைத் தானே எழுதிக்கொண்டு கடைக்குப் போனார் என்பது பணம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை.

இப்படி ஓர் அமைப்பை வாங்கப்போகும் யாரும் விலை பேசும் முன் எழுத வேண்டிய வரிகள் அதிகம் இல்லை. ஒவ்வொரு அறையின் பொத்தானும் சர்வர் உதவி இல்லாமலே அந்த அறையின் விளக்கைப் போடவும் அணைக்கவும் வேண்டும். டாலி-2 கருவிகளில் இது கைக்கெட்டிய விஷயம். அந்த லைனிலேயே ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் போதும். ஒவ்வொரு மாடிப் பேனலிலும் அவசர விளக்குகளைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் துண்டிக்கும் ஒரு கான்டாக்டரும் (மின்காந்த சுவிட்ச்) கைச்சாவியும் வேண்டும். கட்டட மொத்தச் செலவில் அதன் விலை கண்ணுக்கே தெரியாது. பழுது நிலை எந்த இடத்தில் என்ன என்று ஒரு அட்டவணையை ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும், அதைக் கட்டட உரிமையாளர் படித்து ஏற்க வேண்டும். அப்புறம், பாஸ்வேர்டுகளும் அமைப்புக் கோப்பும் உரிமையாளரின் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மின்னசாக்கில் பாகங்கள் 2023 ஜனவரியில் வந்து சேர்ந்தன. பிப்ரவரி விடுமுறையில் பொருத்தத் திட்டமிட்டார்கள். இந்த முறை தொலைவிலிருந்து அமைப்பை மீறி அணைக்கும் ஓவர்ரைடு சுவிட்ச் ஒன்று இருக்கும், இது மறுபடி நடக்காது என்று ரிஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் தலைவர் என்பிசியிடம் சொன்னார். நல்லது. அந்தச் சுவிட்சோடு அறைப் பொத்தான்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒப்படைக்கும் நாளில் ஒப்பந்தக்காரர் முன்னிலையில் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிறகு அதன் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, மாடி மாடியாக நடந்து ஒவ்வொரு அறையிலும் பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். மறுபடி மின்சாரம் கொடுத்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்றும் பார்த்து, அறைவாரியாக எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். கடைசித் தவணைப் பணத்தை அந்தத் தாள் வரும்வரை நிறுத்தி வைக்கலாம்.